எலுமிச்சம்பழமா காக்கும்?

நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே எட்டுச் சூரியத் தகடுகள்! கருநீல நிறத்தில், வெயிலை வாரி விழுங்கிக்கொண்டு, வரிசையாகச் சாய்ந்திருந்தன. "இனி மின்கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை!" என்றார். முகத்திலே பெருமிதம். இருக்கத்தானே வேண்டும்!

ஞாயிற்றைக் கும்பிட்டுக் கும்பிட்டுக் கண்ட பலன் என்ன? அதை ஆராய்ந்த அறிவல்லவா மின்சாரம் தந்தது! 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே மூன்று அறிவியலாளர்கள் சிலிக்கன் சில்லைக்கொண்டு ஒளியை மின்சாரமாக்கிக் காட்டினார்கள். மந்திரம் ஓதவில்லை, மணி அடிக்கவில்லை. சிந்தித்தார்கள்; செய்தார்கள். அந்தச் சிந்தனையின் கனி இன்று நம் தெருவிலே, நம் மாடியிலே! உதயசூரியனைச் சின்னமாகக் கொண்ட இயக்கத்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன?

அந்த மகிழ்ச்சியோடு கீழே இறங்கினேன். மாடிப்படிச் சுவரிலே இன்வெர்ட்டர். தகடு தரும் மின்சாரத்தை, விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி அது. பெட்டியின் நெற்றியிலே சந்தனம், குங்குமம். தலைக்கு மேலே கயிற்றில் தொங்கியது ஓர் எலுமிச்சம்பழம்!

"இது எதற்கு?" என்றேன்.

"கரண்ட் சமாச்சாரம் பாருங்கள்... ஒரு பாதுகாப்புக்குத்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் மாற்றிவிடுவோம்."

என்னுடன் வந்தவர் எங்கள் வட்டக் கழகத் தோழர். தொழிற்பயிற்சி நிலையத்திலே படித்துச் சான்று பெற்ற மின் கம்பியாள். அவருடைய கண் பழத்தின் மீது இல்லை. பெட்டியிலிருந்து புறப்பட்ட பச்சைக் கம்பியின் மீது இருந்தது. சுவரோரம் இறங்கியது கம்பி, வளைந்தது, தோட்டத்தை அடைந்தது. அங்கே எதனோடும் சேராமல் சுருண்டு கிடந்தது!

"எர்த் கம்பியல்லவா இது? குழி எங்கே?"

"ஆட்கள் அடுத்த வாரம் வந்து தோண்டுவதாகச் சொன்னார்கள்."

"எப்போது சொன்னார்கள்?"

"ஆறு மாதம் இருக்கும்."

கேட்டீர்களா கதையை! எலுமிச்சம்பழம் வாரம் தவறாமல் மாறுகிறது; எர்த் கம்பியோ ஆறு மாதமாக அனாதையாகக் கிடக்கிறது!

நண்பரை நையாண்டி செய்ய இதை எழுதவில்லை. அவருடைய அச்சம் நியாயமானது. அச்சத்துக்கு அவர் தேடிய மருந்துதான் தவறானது. எதற்கு அஞ்ச வேண்டும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தோழர் சொன்னார், அதையே நான் இங்கே சொல்கிறேன்.

ஒரு தகடு தருவது ஏறத்தாழ 40 வோல்ட். எட்டுத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 300 வோல்ட்டைத் தாண்டும். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. இணைப்பு விலகிப் பொறி பறந்தாலும், அந்தச் சுழியிலே அது அணைந்துபோக வழியுண்டு. தகட்டிலிருந்து வருவதோ நேர்திசை மின்சாரம். அதற்குச் சுழியும் இல்லை, ஓய்வும் இல்லை. இணைப்பிலே மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும். காற்றையே பாலமாக்கிக்கொண்டு நெருப்பாய்ப் பாயும். மின்வில் என்பது அதன் பெயர். அதன் வெப்பத்திலே செம்பும் உருகும். வீட்டு மெயினை அணைத்தால் தகடு அடங்கிவிடுமா? அடங்காது! வெயில் உள்ளவரை தகட்டிலே மின்னழுத்தம் இருந்தே தீரும். கதிரவனுக்கு ஏது சுவிட்சு?

மறுநாள், தகடு பொருத்திய ஆளை வரவழைத்தார் நண்பர். வந்தவன் இருபது வயது இளைஞன். மாடியேறியதும், உச்சி வெயிலில், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த இணைப்பையே இழுத்துப் பிரிக்கக் கை நீட்டினான்.

"நில், தம்பி!" என்று கூவினார் கம்பியாள் தோழர்.

ஓட்டம் உள்ளபோது பிரித்தால், பிரித்த இடத்திலேயே மின்வில் பிறக்கும்; கையருகே, முகத்தருகே பிறக்கும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்த வேண்டும். அடுத்து, தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள நேர்திசைச் சுவிட்சை அணைக்க வேண்டும். மீட்டர் வைத்து, ஓட்டம் இல்லை என்று கண்ணால் காண வேண்டும். பிறகே கை வைக்க வேண்டும். அந்த முறைப்படியே செய்து, ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார் தோழர். மூன்றாவது இணைப்பு, கட்டைவிரல் பருமனுள்ள கறுப்புக் கனெக்டர், உருகி நெளிந்திருந்தது! உள்ளே செம்பு இழைகளில் பாதி ஊசியின் பிடியில், பாதி வெளியே.

"எதைக்கொண்டு இறுக்கினாய், தம்பி?"

"கட்டிங் பிளேயராலதான் அண்ணே. அதுக்குன்னு உள்ள டூல் ஒண்ணுதான் இருக்கு. அன்னிக்கு அது வேற ஊருக்குப் போயிருச்சு."

"ஒரு பாதி ஒரு கம்பெனி, மறு பாதி வேறு கம்பெனியாக இருக்கிறதே?"

"பொருந்துச்சு, மாட்டிட்டேன்."

"பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் படிக்கவில்லையா?"

"இங்கிலீஷ்ல இருக்கு அண்ணே. நான் எட்டாவதுதான்."

வாயடைத்து நின்றோம்.

அந்தக் கனெக்டருக்குள் இருப்பது 4 மில்லிமீட்டர் ஊசி. அதைக் கம்பியோடு இறுக்கத் தனிக் கருவி உண்டு. கிரிம்பிங் டூல் என்பார்கள். குறடால் நசுக்கினால் பிடி தளரும். பிடி தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். சூடு ஏற ஏறப் பிடி இன்னும் தளரும். இரு கம்பெனிப் பாதிகள் 'கிளிக்' என்று சேர்ந்துகொள்ளலாம். உள்ளே உலோகமும் அளவும் பொருந்திவிட்டன என்று அதற்குப் பொருளல்ல. பொருந்தாத திருமணம் அது. புகைந்துகொண்டே இருக்கும், ஒருநாள் எரியும்!

மிகைப்படுத்துகிறேனா? 2009 ஏப்ரலில், கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு நகரிலே ஒரு பெரிய அங்காடியின் கூரைமேல் இருந்த சூரிய மின் அமைப்பு தீப்பற்றியது. சிறிய கம்பியொன்றில் ஏற்பட்ட கசிவு, காவல் கருவியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. பின்னர்ப் பெரிய கம்பியிலும் கசிவு. இரண்டும் சேர்ந்து தீயாயிற்று. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அந்தக் கதி!

அப்படியானால் சூரிய மின்சாரமே வேண்டாமா? யார் சொன்னது! ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோபர் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது: பெருஞ்சேதம் விளைத்த தீக்குக் காரணமான அமைப்புகள் அந்நாட்டில் 0.006 விழுக்காடு, அதாவது ஒரு லட்சத்திலே ஆறு. தொழில் தெரிந்த கை தொட்டால் சூரியன் தொண்டன். தெரியாத கையைத் தொடவிட்டால் அவனே கொள்ளிக்கட்டை!

அந்தக் கைக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டியவர் யார்? இளைஞன் மீதா குற்றம்? ஒப்பந்தக்காரர் எடுத்தார், உள் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார், அவர் நாட்கூலிக்கு இவனை ஏற்றிவிட்டார். உயிர் போனால் இவனுடையது. லாபம் வந்தால் அவர்களுடையது. இதுதானா நீதி?

டில்லி ஆட்சியாளர்கள் 2024-ஆம் ஆண்டு ஒரு திட்டம் தந்தார்கள். 'பிரதம மந்திரி சூர்ய கர் முஃப்த் பிஜிலி யோஜனா'. சொல்லி முடிப்பதற்குள் சூரியனே சாய்ந்துவிடும்! ஒரு கோடி வீடுகள் இலக்கு; 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு; 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நோக்கம் நல்லது, மறுக்கவில்லை. 2015 முதல் 'சூரியமித்ரா' என்ற பயிற்சியும் உண்டு. ஆனால் நம் மாடிக்கு வந்த அந்தத் தம்பி அந்தப் பெயரையே கேட்டதில்லை!

எனவே கேட்கிறோம். மாடியேறும் ஒவ்வொரு குழுவிலும் பயிற்சிச் சான்று பெற்ற கம்பியாள் ஒருவராவது இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஒரு கிரிம்பிங் டூல் வேண்டும். குறிப்புப் புத்தகமும் எச்சரிக்கைப் பலகையும் தமிழிலே வேண்டும். தமிழ் என்று நாம் கேட்பது மேடை அலங்காரத்துக்காக அல்ல. எட்டாவது படித்த தமிழன் வீட்டுக்கு உயிரோடு திரும்புவதற்காக! எர்த் போட்டு, அளந்து, எழுதிக் கொடுத்த பிறகே கடைசித் தவணை என்று வீட்டுக்காரர்களும் உறுதியாக நிற்க வேண்டும்.

வீட்டுக்காரர்களே, கேளுங்கள்! இணைப்பின் இரு பாதியும் ஒரே கம்பெனிதானா? சுவிட்சு நேர்திசைக்கென்றே செய்யப்பட்டதா? கம்பி குழாய்க்குள் போகிறதா, அணிலுக்கும் எலிக்கும் விருந்தாகத் தரையில் கிடக்கிறதா? இடிதாங்கிக்குத் தனி எர்த் உண்டா? கேட்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். ஏன், எதற்கு என்று கேட்கும் துணிவு போதும். பகுத்தறிவு என்பது அதுதானே!

அன்று மாலைக்குள் கனெக்டர்கள் எட்டுத் தகட்டுக்கும் ஒரே இனமாக மாற்றப்பட்டன. கருவியைப் பிடிக்கும் முறையைத் தோழர் சொல்லிக் கொடுத்தார்; தம்பி தானே இறுக்கினான், இழுத்துப் பார்த்தான், வரவில்லை; அவன் முகத்திலே ஓர் ஒளி! பிறகு கடப்பாரையை எடுத்து, தோட்டத்திலே எர்த் குழி தோண்ட ஆரம்பித்தான்.

நண்பர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அந்த எலுமிச்சம்பழத்தை என்ன செய்வது?"

"கழற்றிச் சாறு பிழியுங்கள். சர்க்கரை போட்டு அந்தத் தம்பிக்குக் கொடுங்கள். வெயிலிலே உங்களுக்காகக் குழி வெட்டுகிறான்!" என்றேன்.