உதகைக்குக் காரா, ரயிலா?

பெங்களூர்: தமிழ்க் கல்வெட்டுகள் கொண்ட சொக்கநாதசுவாமி கோயில் அமைந்துள்ள தொம்மலூரிலிருந்து விடுமுறைக்கு உதகை செல்ல விரும்பும் குடும்பங்கள், பெட்டியைக் கட்டுமுன் நீதிமன்ற உத்தரவுகளையும் ரயில்வே அறிவிப்புகளையும் கவனிக்க வேண்டியுள்ளது.

காரில் மைசூர் வழியாகச் செல்வோர் பந்திப்பூர் வனத்தைக் கடக்க வேண்டும். வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறப்பதைத் தடுக்க, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையிலான போக்குவரத்துக்கு அங்கு 2009-ல் தடை விதிக்கப்பட்டது. கேரளத்தின் எதிர்ப்பால் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என உச்சவரம்பும் விதிக்கப்பட்டது.

ரயிலை நாடுவோர் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறலாம். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த 46 கி.மீ. பாதையில், கல்லாறு - குன்னூர் இடையே பற்சக்கரத்தின் துணையுடன் ரயில் ஏறுகிறது. இருக்கைகள் குறைவு, மழையில் மண் சரிந்தால் சேவை ரத்தாகும். ரயில்களுக்கான முன்பதிவுக் காலத்தையும் 2024 நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாக ரயில்வே குறைத்துவிட்டது.

கட்டுப்பாடுகள் மிகுதி என்று சலிப்போர் உண்டு. ஆனால், விடியலில் புறப்பட்டுப் பகலிலேயே வனத்தைக் கடப்பவருக்கு இரவுத் தடையால் இழப்பேதும் இல்லை. யானைக் கூட்டங்களுக்கோ, அந்த ஒன்பது மணி நேரம்தான் அச்சமின்றிச் சாலையைக் கடக்கக் கிடைத்த அவகாசம்.