பெயர் மாற்றமும் உயிர்க்காப்பும்: பிளேக் பாக்டீரியாவின் வகைப்பாட்டு வரலாறு

முன்னுரை

நோய் விளைவிக்கும் பாக்டீரியாவின் பெயர் இருவகைப் பணிகளைச் செய்கிறது. வகைப்பாட்டு அறிஞருக்கு அது உறவுமுறையை உணர்த்தும் குறியீடு. மருத்துவருக்கு அது எச்சரிக்கை. உறவுமுறை பற்றிய அறிவு வளருந்தோறும் பெயர் மாறுகிறது. அம்மாற்றம் எச்சரிக்கையைக் குலைக்குமாயின் எதற்கு முதன்மை தருவது என்னும் வினா எழுகிறது. பிளேக் பாக்டீரியாவின் பெயர் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

பேரின மாற்றங்கள்

1894ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாண்டர் யெர்சின் இப்பாக்டீரியாவைக் கண்டறிந்து விவரித்தார். 1896இல் லேமன், நியூமன் ஆகியோர் இதற்குப் ‘பாக்டீரியம் பெஸ்டிஸ்’ எனப் பெயரிட்டனர். பின்னர் இது ‘பாஸ்டுரெல்லா’ பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 1944இல் வான் லோகெம் என்பார் யெர்சினைப் போற்றும் வகையில் ‘யெர்சினியா’ என்னும் பேரினத்தை முன்மொழிந்தார். பேரினம் பலமுறை மாறியபோதும் ‘பெஸ்டிஸ்’ என்னும் சிற்றினப் பெயர் நிலைத்தது. கொள்ளைநோயைக் குறிக்கும் அந்த இலத்தீன் சொல்லே எச்சரிக்கையைத் தாங்கி நின்றது.

டி.என்.ஏ. சான்றும் சிக்கலும்

1980ஆம் ஆண்டு வெளியான டி.என்.ஏ. ஒப்பீட்டு ஆய்வு, ‘யெர்சினியா பெஸ்டிஸ்’, ‘யெர்சினியா சூடோடூபர்குலோசிஸ்’ ஆகிய இரண்டும் ஒரே சிற்றினம் எனக் காட்டியது. பின்னது பெரும்பாலும் தானே தணியும் குடல்சார் நோயை உண்டாக்குவது. அதன் பெயர் 1889இல் தோன்றியது. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடல் விதி. எனவே பிளேக் பாக்டீரியா, ‘சூடோடூபர்குலோசிஸ்’ சிற்றினத்தின் ‘பெஸ்டிஸ்’ என்னும் துணைச் சிற்றினமாக முன்மொழியப்பட்டது.

வகைப்பாட்டு நோக்கில் இது முறையானதே. ஆயினும் ஆய்வக அறிக்கையில் துணைச் சிற்றினப் பெயர் விடுபட்டால் பிளேக் நோயாளி எளிய குடல்நோயாளியாகக் கருதப்படுவார். தனிமைப்படுத்தலும் உரிய மருந்தும் தாமதமாகும். ஆய்வகப் பணியாளரும் காப்பின்றிக் கிருமியைக் கையாள நேரும்.

ஆணையத்தின் தீர்ப்பு

உடல்நலத்துக்கோ உயிருக்கோ இடர் விளைவிக்கக்கூடிய பெயரைத் தள்ளுவதற்குப் பன்னாட்டுப் பாக்டீரியப் பெயரிடல் விதித்தொகுப்பு இடமளிக்கிறது. அதன்படி 1985இல் நீதி ஆணையம் புதிய பெயரைத் தள்ளி, ‘யெர்சினியா பெஸ்டிஸ்’ என்னும் பெயரை நிலைநிறுத்தியது. ஆணையம் மறுத்தது பெயரையேயன்றி உறவுமுறையை அன்று. 1999இல் வெளியான மரபணு ஆய்வும், பிளேக் பாக்டீரியா ‘சூடோடூபர்குலோசிஸ்’ சிற்றினத்திலிருந்து அண்மைக் காலத்தில் கிளைத்ததே என உறுதிசெய்தது.

முடிவுரை

வகைப்பாடு உயிரினங்களின் உறவை ஆராய்வது. பெயரிடல் அவ்வறிவைப் பிழையின்றிப் பரிமாறுவதற்கான ஏற்பாடு. உறவு நெருங்கியது என்பதால் பெயர் ஒன்றாக வேண்டும் என்பதில்லை. பெயர் மாற்றம் உயிருக்கு இடராகுமிடத்து நிலைத்த பெயரைப் பேணுதல் அறிவியலுக்கு முரணன்று என்பதை இத்தீர்ப்பு நிறுவுகிறது.