இடைநிலை மாணவரும் ஆங்கில ஆசிரியரும்

அயல்நாட்டார் ஆங்கிலம் பயிலும் வகுப்புகளுள் ஆசிரியரின் திறமையை மெய்யாகச் சோதிப்பது இடைநிலை வகுப்பே என்பது என் துணிபு. ஆரம்ப வகுப்பில் நாள்தோறும் புதிய சொல்லும் புதிய வாக்கியமும் கைவந்து மாணவனுக்கு உற்சாகமூட்டுகின்றன; உயர்நிலை வகுப்பிலோ இலக்கியச் சுவை அவனை ஈர்த்துச் செல்கிறது. இடையில் நிற்பவனுக்கு இவ்விரண்டும் இல்லை. வழி கேட்கவும், கடிதம் எழுதவும், அலுவலகத்தில் சம்பாஷிக்கவும் போதுமான பாஷை அவனிடம் இருக்கிறது; தான் சொல்வது பிறருக்கு எப்படியோ விளங்கிவிடுகிறது என்ற அந்த ஒரே காரணத்தினால் அவனது அபிவிருத்தி தடைப்பட்டு நின்றுவிடுகிறது. ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள் உள்ளன. அவற்றுள் நடுவிலுள்ள இரண்டு படிகளில் நிற்போரை அது சுயேச்சையாக மொழியைக் கையாள்வோர் என்று அழைக்கிறது. அந்தச் சுயேச்சையே திருப்தியாக மாறிவிடுவதுதான் இங்குள்ள அபாயம்.

இந்த நிலையில் இருப்பவனுக்கு என்ன குறை என்பதைக் கூர்ந்து நோக்கியவர்களுள் ஏ. எஸ். ஹார்ன்பியை நான் முதலில் வைப்பேன். 1924-இல் ஜப்பானுக்குச் சென்று, ஓயிட்டா நகரத்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் போதிக்கத் தொடங்கிய அவர், தம் மாணாக்கருக்கு இலக்கியத்தினும் மொழிப்பயிற்சியே அவசியம் என்று கண்டு, அக்காலத்தில் டோக்கியோவில் ஆங்கில போதனை ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவந்த ஹரால்ட் பாமருடன் சேர்ந்து உழைத்தார். சொல்லின் அர்த்தத்தை அறிந்திருந்தும் அதை வாக்கியத்தில் அமைக்கத் தெரியாமல் மாணவன் திகைப்பதற்குப் பரிகாரமாக, ஒவ்வொரு வினைச்சொல்லும் எவ்வகை அமைப்பை ஏற்கும், எந்தப் பெயர்ச்சொல் எண்ணத்தக்கது என்பவற்றையெல்லாம் குறித்துக்காட்டும் அகராதி ஒன்றை அவர் கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவருடன் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரால் மறுபடியும் வெளியிடப்பெற்ற அந்நூலின் வழிவந்த பதிப்புகளையே இன்றும் உலகெங்கும் மாணவர் புரட்டுகின்றனர்.

அவர் கண்ட குறையை இன்றைய வகுப்பிலும் காணலாம். ‘ஐ வாண்ட் யூ டு கம்’ என்று பிழையின்றிச் சொல்லும் மாணவன், அதே வழக்கில் ‘ஐ சஜஸ்ட் யூ டு கம்’ என்றும் சொல்கிறான். பலத்த மழையை ‘ஹெவி ரெயின்’ என்பதற்குப் பதிலாக ஜப்பானியன் தன் தாய்மொழி வழக்கைப் பின்பற்றி ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்கிறான். ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டுவிட்டான் என்றும், ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் புகைப்பதற்காகவே நின்றான் என்றும் பொருள் விபரீதமாக மாறுவதை அவன் உணர்வதில்லை. இத்தகையவனுக்குக் காலங்களின் வாய்பாட்டை முதலிலிருந்து மீண்டும் ஒப்புவிக்கச் செய்வது வீண் பிரயாசை. அவன் அறிந்த சொற்கள் எவ்வெவற்றோடு சேர்ந்து வரும் என்பதைக் காட்டுவதே வேண்டுவது. அவன் பேசும்போது இடைமறிக்காமல் பிழைகளைக் குறித்துக்கொண்டு, பேச்சு முடிந்தபின் கரும்பலகையில் எழுதி, வகுப்பாரையே திருத்தச் செய்து, அதே விஷயத்தை அவனை மறுபடியும் பேசவைக்கும் ஆசிரியரே என் மதிப்பில் சிறந்தவர். இரண்டாம் முறை பேசும்போதுதான் திருத்தம் நாவில் படிகிறது. பெரும்பாலான வகுப்புகளில் அந்த இரண்டாம் முறைக்கு இடமே அளிக்கப்படுவதில்லை.

சொற்செல்வம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியல் ஏறக்குறைய 2,000 சொற்களைக் கொண்டது. நாவலையோ செய்தித்தாளையோ துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது நியூஸிலாந்து அறிஞர் பால் நேஷனின் கணக்கு. இவ்வளவு பெரிய இடைவெளியை வாரத்தில் சில மணி நேரம் நடக்கும் வகுப்பினால் நிரப்ப இயலாது. தரத்துக்கேற்பச் சுருக்கி எழுதப்பட்ட கதைப் புத்தகங்களை இல்லத்தில் இடைவிடாது வாசித்தாலன்றி இது கைகூடாது.

ஆகவே, இடைநிலை வகுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: மாணவன் சொன்னது விளங்கிவிட்டது என்பதற்காக அதை ஏற்றுக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் செல்லாதீர்கள்; அவனால் அதனினும் நன்றாகச் சொல்ல இயலும் என்று நம்பி, மறுமுறை சொல்லுமாறு அன்போடு கேளுங்கள்.