புற்றுநோயும் மன அச்சமும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். கூலிப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினர் பெயருக்கு நேரே மூன்று மாதங்களாக ஒன்றும் எழுதப்படவில்லை. விசாரித்தபோது, "அவருக்கு வாயில் ஏதோ வியாதியாம்" என்று குமாஸ்தா தணிந்த குரலில் கூறினார். வியாதியின் பெயரை அவர் உச்சரிக்கவில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படை தோன்றிப் புண்ணாகி, எட்டு மாதங்கள் கழிந்த பின்னரே அந்நெசவாளர் ஆஸ்பத்திரிக்குச் சென்றாராம். தறியில் பாவு இருந்தது ஒரு காரணம். வைத்தியர் என்ன சொல்வாரோ என்ற பயம் அதனினும் பெரிய காரணம். வீட்டிலோ அவருக்குத் தனித் தம்ளர் வைத்துவிட்டனர்.

புற்றுநோய் தம்ளரால் தொற்றுவதன்று. மனக்கவலையே அதனை உண்டாக்குகிறது என்போரும் உளர்; அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே, "நான் கவலைப்பட்டதால்தான் வந்தது" என்று நோயாளி தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் கவலையுற்றவர் வெற்றிலைப் பையை அடிக்கடி அவிழ்க்கிறார் என்பதை நாம் அறிவோம். புகையிலை மட்டுமன்றி, வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது.

மனத்தின் பங்கு பெரும்பாலும் காலதாமதத்திலேயே வெளிப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரும் சோதனை நடைபெற்றது. பயிற்சி பெற்ற பட்டதாரி ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, விளக்கொளியில் வாயைப் பார்த்தனர். 2005-இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனினும், ஐயத்துக்குரிய புண் உண்டு, வைத்தியரிடம் செல்க என்று சொல்லப்பட்டவர்களுள் நூற்றுக்கு 63 பேரே சென்றனர். புண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னால் மட்டும் போதாது போலும்! உடன் செல்வதற்கும் ஒருவர் வேண்டும்.

நோய் கண்டபின் துணை எவ்வளவு பயன்படும்? முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற பெண்களை வாரந்தோறும் ஒன்றுகூட்டி, மனம்விட்டுப் பேசச் செய்தார் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகல். அவர்கள் அதிக காலம் வாழ்ந்தனர் என்று 1989-இல் அவர் அறிவித்தபோது உலகமே வியந்தது. பின்னர் கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில் ஆயுள் நீளவில்லை; மனத்துயரும் வலியும் மட்டும் தணிந்தன. இதனை ஏமாற்றமாகக் கொள்வதற்கில்லை என்பது என் கருத்து. கூடிப் பேசுதல் மருந்துக்கு ஈடாகாது. ஆயினும் வலி குறைதல் சிறு காரியமா?

மறுநாள் சங்கத் தலைவருடன் அந்நெசவாளர் வீட்டிற்குச் சென்றேன். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடைபெறுவதாகவும், கதிர்வீச்சுக்குத் தனியே பஸ்ஸில் சென்று வருவதாகவும் அவர் மனைவி கூறினார். இனி வாரம் ஓர் அங்கத்தினர் முறைவைத்து உடன் செல்வது என்று அங்கேயே ஏற்பாடாயிற்று. அவர் பேசச் சிரமப்பட்டார். எனினும், தறியிலிருந்த பாவை யார் நெய்து முடித்தார் என்பதைத்தான் முதலில் கேட்டார்.