கூமுட்டையைக் கண்டறிய ஒரு டார்ச் போதும்

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்போரே! அடை வைத்த முட்டைகளில் கூமுட்டை எது என்று அறிய 21 நாள் காத்திருக்க வேண்டாம். ஏழாம் நாளே, முட்டையை உடைக்காமல் கண்டுவிடலாம்.

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும், எலும்பு தெரியாது. சதை ஒளியைச் சிதறடிக்கிறது. இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் மற்ற நிறங்களை அதிகமாகவும் உறிஞ்சுகிறது. சதைக்குள் மறைந்திருப்பதை ஒளியால் காட்டும் மருத்துவக் கருவிகளும் இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகின்றன.

முட்டைக்கும் இதே முறைதான். அட்டையில் காலணா அளவு துளையிட்டு டார்ச் முகப்பில் வையுங்கள். துளையின்மேல் முட்டையின் பருத்த முனையை வைத்துப் பாருங்கள். கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல் பிரியும் இரத்த நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. உள்ளே ஒரே தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. பின்னிரண்டையும் அகற்றிவிடுங்கள். இல்லையேல் அவை அழுகி வெடித்து நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

பழுப்பு ஓட்டில் தெளிவு குறையும். சந்தேகமானால் பென்சிலால் குறியிட்டு, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். 18-ஆம் நாள், பருத்த முனையிலுள்ள காற்றறை தவிர மற்றதெல்லாம் கருத்திருந்தால் குஞ்சு நன்கு வளர்ந்துள்ளது. முட்டையைச் சுத்தமான கையால் எடுத்து, சில விநாடிகளில் பார்த்து, உடனே அடையில் வையுங்கள்.

மேலும் விவரங்களுக்கு, மாதவரம் பால் பண்ணையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் கோழியின ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.