கயிற்றின் மறுமுனை யார் கையில்?

அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூச ஒருவர் பலகையில் உட்கார்ந்து தொங்குகிறார். பலகையைத் தாங்கும் கயிறு, மொட்டைமாடிக் கொக்கியில் மாட்டிய கப்பியின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையை அவரே பிடித்துக்கொண்டால் எவ்வளவு விசை தேவை? தரையில் நிற்கும் துணையாள் பிடித்தால்?

நிலையான கப்பி விசையின் திசையைத்தான் மாற்றும், அளவை மாற்றாது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் இரண்டுக்கும் ஒரே விடை சொல்வார். உண்மையில் ஒன்று மற்றதில் சரிபாதி.

ஆள் 60 கிலோ, பலகையும் வாளியும் 12 கிலோ என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என எடுத்தால் மொத்த எடை 720 நியூட்டன். கயிற்றின் எடையையும் கப்பியின் உராய்வையும் விட்டுவிட்டால், கப்பியின் இருபுறமும் இழுவிசை சமம்.

இப்போது ஆளையும் பலகையையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு உள்ளேயே நடக்கும் தள்ளுமுள்ளு எதுவும் கணக்கில் வராது. கோட்டைத் தாண்டி வரும் விசைகள் மட்டுமே வரும். அவரே பிடித்திருந்தால் கோட்டை இரண்டு கயிறுகள் வெட்டுகின்றன: பலகையில் கட்டியது ஒன்று, கையில் இருப்பது ஒன்று. இரண்டும் மேல்நோக்கி இழுக்கின்றன. ஆகவே இழுவிசை 360. துணையாள் பிடித்திருந்தால் கோட்டை வெட்டுவது ஒரே கயிறு. இழுவிசை முழு 720. துணையாளின் எடை 72 கிலோவுக்குக் குறைவென்றால் அவர் தரையை விட்டு மேலே கிளம்பிவிடுவார்!

மாணவர்கள் தடுமாறும் இடம் அடுத்தது. ஆளைத் தனியே வரையும்போது பலர் கைக்கருகே கீழ்நோக்கி அம்பு போடுகிறார்கள். அவர் கயிற்றைக் கீழே இழுக்கிறார் என்பது சரிதான். ஆனால் அது கயிற்றின் மேல் செயல்படும் விசை. ஆளின் படத்தில் வரவேண்டியது, கயிறு அவரை மேலே இழுக்கும் 360. எடை 600. மீதி 240-ஐப் பலகை தாங்குகிறது. பலகையின் படத்தில் சரிபாருங்கள்: மேலே 360, கீழே 240-உம் 120-உம். கணக்கு நேராகிறது. பலகையும் சுமையும் 60 கிலோவைத் தாண்டினால் அந்த 240 இருந்த இடத்தில் எதிர்க்குறி வரும். இழுக்கும்போது அவர் பலகையை விட்டு எழும்பிவிடுவார், பலகை மேலே வராது என்று பொருள்.

நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ வெளிவந்த அதே 1687-இல், பிரான்சின் பியர் வரிஞோன் விசைகளைக் கூட்டிச் சமநிலையை ஆராயும் வழியைத் தம் நூலில் முன்வைத்தார். நாம் வரையும் அம்புகள் அந்த மரபில் வந்தவை.

கொக்கிக்கு வருவோம். கப்பியைச் சுற்றி வட்டம் போட்டால் அதைக் கீழே இழுப்பவை எப்போதும் இரண்டு கயிறுகள்தாம். அவரே பிடித்தால் கொக்கியில் 720. துணையாள் பிடித்தாலோ தரையிலுள்ள தூணில் கட்டினாலோ 1440. தொங்குபவர் அவரேதான், கொக்கியின் சுமை மட்டும் இரட்டிப்பு.

உங்கள் வீட்டுச் சுவருக்கு யாராவது இப்படித் தொங்கி வண்ணம் பூச வந்தால், கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். தரையில் என்றால், ஆளின் எடையைத் தாங்கும் கொக்கி போதாது.