நாய்க்கு எந்தக் கயிறு?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலோர் வாங்குவது இரும்புச் சங்கிலி. அறாது, நாயால் கடித்துத் துண்டாக்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் பெருமை. உண்மைதான். ஆனால் தெருவில் கூட்டிப் போகையில் சங்கிலியின் எடை நாயின் கழுத்தில் தொங்கும். நாய் வெடுக்கென்று இழுத்தால் பிடித்திருப்பவரின் உள்ளங்கை கிழியலாம். கயிற்றைக் கடிக்கிற பழக்கம் உள்ள நாய்க்கு அது பொருந்தலாம். மற்றபடி அது கட்டிப்போடுவதற்கான பொருள், நடைக்கானது அல்ல.

கயிற்றில் முதலில் பார்க்க வேண்டியது நீளம். 20 கிலோ எடையுள்ள நாய் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பூனையைத் துரத்துகிறது என்று வையுங்கள். கயிறும் உங்கள் கையும் சேர்ந்து 10 சென்டிமீட்டர்தான் விட்டுக்கொடுத்தன என்றால், அந்த நொடியில் சராசரியாகச் சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை அதன் கழுத்தில் விழும். அரை மீட்டர் விட்டுக்கொடுத்தால் அதுவே 60 கிலோவாகக் குறையும். ஆனால் கயிறே நீளமாக இருந்தால் நாய் வேகம் எடுக்க இடம் கிடைக்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதனால்தான் தெரு நடைக்கு 4 முதல் 6 அடி போதும் என்கிறார்கள். மைதானத்தில் பழக்க நீளக் கயிறு வேண்டுமென்றால், அதைக் கழுத்தில் அல்ல, மார்பையும் முதுகையும் சுற்றிவரும் ஹார்னஸில் மாட்டுங்கள்.

நாய் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கி, பொத்தானை அழுத்தினால் நிற்கும் கயிற்றை 1970-களில் ஜெர்மனியின் ஃபிளெக்ஸி நிறுவனம் பரவலாக்கியது. பிடிக்குள் சுருள்வில் இருக்கிறது. நாய் இழுத்தால்தான் கயிறு வரும். இழுத்தால் இடம் கிடைக்கும் என்று நாய்க்கு நாமே பாடம் நடத்துகிறோம். அதன் மெல்லிய கயிறு விரலில் சுற்றிக்கொண்டால் காயம் ஏற்படலாம். இருசக்கர வாகனங்கள் உரசிப்போகும் நம் தெருக்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நைலான் மலிவு, நனைந்தாலும் கெடாது. வழுக்கி ஓடும்போது கையைச் சுடும். தோல் பழகப் பழக மென்மையாகும், ஆனால் மழையில் நனைந்தால் துடைத்து உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். எதுவானாலும் கொக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலால் இழுக்கும் அந்தச் சிறு முள் விட்டவுடன் 'டக்'கென்று தானாக மூட வேண்டும். மணலோ துருவோ ஏறினால் பாதியில் நின்றுவிடும். கொக்கி மாட்டியதுபோலத் தெரியும், ஆனால் மாட்டியிருக்காது. கொக்கியின் அடிப்பகுதி சுழலவில்லையென்றால் கயிறு முறுக்கிக்கொள்ளும்.

கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கழுத்துப்பட்டை உருவிக்கொண்டால் பயனில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம். பின்னால் நகர்ந்து தலையைத் தாழ்த்தினால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டி வந்துவிடும். இவற்றுக்கு மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி. அதில் பெரிய வளையத்தோடு சிறிய வளையம் ஒன்று கோத்திருக்கும். கயிறு இழுபட்டால் சிறியது பெரியதை ஓர் அளவுக்கு இறுக்கும், அதற்குமேல் இறுகாது. இதை நடைக்கு மட்டும் மாட்டி, வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

எந்தப் பட்டை வாங்கினாலும், தெருவில் இறங்குமுன் வீட்டுக்குள்ளேயே காதுப்பக்கமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். உருவி வந்தால் ஒரு துளை இறுக்குங்கள். அப்போதும் வந்தால் மாற்றிவிடுங்கள்.